தட்டிப் பார்ப்பவர்

தட்டிப் பார்க்காமல் அவர் எதையும் நம்பியதில்லை. வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் வந்தால் தட்டுவார். கடையில் வாளி வாங்கினால் தட்டுவார். பேருந்து நிலையத்தில் நின்றால் ஏறப்போகும் வண்டியின் சக்கரத்தைக் குனிந்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் படியில் கால் வைப்பார். டிரைவர்கள் எட்டிப் பார்த்து முறைப்பார்கள். அவர் கண்டுகொள்ளமாட்டார்.

நான் அவர் வீட்டை ஒட்டிய ஆஸ்பெஸ்டாஸ் அறையை வாடகைக்குக் கேட்டுப் போன அன்று என் தகரப் பெட்டியைத் தட்டினார். நடுவிரல் முட்டியால் ஒரே தட்டு. தலையை லேசாகச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"அடியில ஒரு ஆணி கழண்டிருக்குது கண்ணு. பாத்துக்க."

கழன்றுதான் இருந்தது. எந்த ஊர், என்ன ஆள், ஏன் ஒரு வேலையிலும் நிலையாக நிற்காமல் சுற்றுகிறாய் என்று மற்ற வீட்டுக்காரர்கள் கேட்கும் ஒன்றையும் அவர் கேட்கவில்லை. சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். வாய் ஓயாத மனுஷி.

"எங்க கண்ணாலத்தப்ப என்ற தலையையும் தட்டிப் பாத்திருப்பாரு தம்பி. எங்கப்பன் பக்கத்துலயே நின்னதால உட்டுப்போட்டாரு" என்பார்.

"தட்டியிருந்தா அன்னைக்கே எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிருப்பேன் அம்மணி. உள்ள வெறும் காத்து" என்பார் அவர்.

இருவரும் சிரிப்பார்கள். பெண்ணைக் கொடுமுடியில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

கிணத்துக்கடவுக்கு வெளியே, தென்னந்தோப்பு ஓரமாக இருந்தது அந்த வீடு. அங்கிருந்து கோயமுத்தூர் போகும் சாலையில் இருந்த ஒரு பவுண்டரியில் அவருக்கு வேலை. அறை கொடுத்த மறுவாரம் என்னையும் அங்கேயே சேர்த்துவிட்டார். எனக்கு எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. இங்கே வருவதற்குள் உடுமலையில் நூல் மில், பல்லடத்தில் கோழிப்பண்ணை, பொள்ளாச்சியில் நார் மில் என்று பார்த்தாகிவிட்டது. பவுண்டரியில் டிராலி தள்ளுவது அவற்றைவிடச் சூடான வேலை. வேறு பெரிய வித்தியாசம் இல்லை.

லாரிக்கும் டெம்போவுக்கும் பிரேக் டிரம் வார்க்கிற பவுண்டரி அது. உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றி, ஆறியதும் மணலை உதறி, பிசிறைக் கிரைண்டரில் தேய்த்து எடுத்தால் ஒரு டிரம். அதை அவர் முன்னால் கொண்டுபோய் வைப்பது என் வேலை. தட்டிப் பார்ப்பது அவர் வேலை. சின்னச் சுத்தியால் விளிம்பில் ஒரு தட்டு. நல்ல டிரம் மணி அடித்த மாதிரி ணங்கென்று நீண்டு ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் உள்ளே இருந்தால் சத்தம் நீளாது, 'டொக்' என்று அங்கேயே செத்துவிடும். நல்லதற்கு வெள்ளைச் சாக்பீஸில் ஒரு கோடு. கெட்டதற்குச் சிவப்பில் பெருக்கல் குறி. சிவப்பு விழுந்தது திரும்ப உலைக்குப் போய்விடும்.

"இது எங்க போவுதுன்னு தெரியுமா கண்ணு?" என்று ஒரு நாள் கேட்டார். "வால்பாறை ஏறி எறங்கற வண்டிக்குப் போவுது. வளைவுல பிரேக்க மிதிக்கறப்ப இது பொளந்துச்சுன்னா, உள்ள இருக்கறவன் போய்ச் சேந்துருவான். அவனுக்கு என்ற பேரு கூடத் தெரியாது. ஆனா அவனக் கொன்னது நானு."

இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. சொல்லிவிட்டு அடுத்த டிரம்மைத் தட்டினார்.

அந்தக் கூடத்தில் காதுக்குள் இரும்பைக் காய்ச்சி ஊற்றுவது போன்ற இரைச்சல். ஒரு பக்கம் கிரைண்டர்கள். இன்னொரு பக்கம் இரும்புக் குண்டுகளை வீசி டிரம்மைச் சுத்தம் செய்கிற மெஷின். எல்லாருக்கும் ஆரஞ்சு நிறத்தில் காதடைப்பான் கொடுத்திருந்தார்கள். எல்லாரும் வைத்துக்கொள்வோம். அவர் மட்டும் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

"காத அடச்சுக்கிட்டு நான் என்னத்தக் கேக்கறது?"

கேட்டால் சரியாகத்தான் இருந்தது. அவருடைய வேலையே காது. அத்தனை வருஷமும் அந்த இரைச்சலுக்குள் காதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரே ஆள் அவர்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தர்பூசணி போட்டது அக்கா. வீட்டுக்குப் பின்னால் தோப்பு வேலி வரைக்கும் கொஞ்சம் செம்மண் கிடந்தது. "உலைக்கிட்ட வெந்து போயி வாராரு. நம்ம மண்ணுல வெளஞ்சதா ஒரு பழம் வெயில்ல குடுக்கோணும்" என்று விதை வாங்கி வந்து ஊன்றினார். காலையில் எழுந்ததும் ஆண் பூவைப் பறித்து, அடியில் சின்னப் பிஞ்சோடு நிற்கும் பெண் பூவில் ஒற்றி எடுப்பார். ஒரு கொடிக்கு ஒரு காய் மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுவார். மண்ணில் படாமல் ஒவ்வொரு காய்க்கும் அடியில் தென்னை நார் மெத்தை. காய்கள் உருண்டன.

அறுப்பதற்கு நாள் குறிப்பது மட்டும் அவர் பொறுப்பு. அதில் வாக்குவாதமே இல்லை. தட்டிப் பார்த்துச் சொல்கிற ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு வேறு யாரைக் கேட்பது?

அந்த முதல் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொடிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒரு காயில் கை நின்றது.

"இங்க வா அம்மணி. இதக் கேளு. என்னமாப் பேசுது பாரு! ணங்குனு."

அறுத்தோம். உள்ளே சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளை. விதைகூட வெள்ளை. நன்றாக ஒலித்த இன்னொன்றைப் பார்த்து அறுத்தார். அதுவும் வெள்ளை. விதைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். தட்டினால் 'தொம்' என்று மந்தமாகச் சொன்ன காய்களை, "இதெல்லாம் உள்ள கீறல் உழுந்திருக்குது" என்று பறித்து வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தார். தோப்புக்காரர் மாடு அங்கே கட்டியிருந்தது. எறிந்ததில் ஒன்று கல்லில் பட்டுப் பிளந்தது. உள்ளே நல்ல இரத்தச் சிவப்பு. மாடு ஆனந்தமாகத் தின்றது.

அக்கா ஓடிப்போய் மாட்டின் வாயிலிருந்து ஒரு துண்டைப் பிடுங்கித் தின்று பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்தினார். "ஏனுங்க! தேனாட்ட இருக்குதுங்க! நல்லதையெல்லாம் மாட்டுக்குப் போட்டுட்டு சொரக்காயத் தின்னுட்டு இருக்கறோமுங்க!"

அவர் நம்பவில்லை. கீறலில் காற்றுப் போய்ச் சிவந்திருக்கும் என்றார்.

அடுத்த நாள் வேலை முடிந்து வரும் வழியில், பொள்ளாச்சி ரோட்டோரம் தார்ப்பாய் விரித்துப் பழம் குவித்திருந்த பாய் ஒருவரிடம் வண்டியை நிறுத்தினார். தான் பவுண்டரியில் தட்டிப் பார்க்கிற ஆள், இது ஏன் இப்படி என்று நியாயம் கேட்டார். பாய் சிரித்துவிட்டார்.

"அண்ணே, அது இரும்புங்க. இது தண்ணிங்க. காயா இருந்தா கிண்ணுங்கும். பழுத்துருச்சுன்னா தொம்முனு சத்தம் உள்ளுக்குள்ள போயிரும். உங்களுக்கு நல்லது எதுவோ அது எனக்கு ஆவாதது."

அவருக்குக் கண் விரிந்துவிட்டது. குவியலில் இருந்ததையெல்லாம் தட்ட ஆரம்பித்தார். நான் டி.வி.எஸ்ஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தட்டுவார், கேட்பார், அடுத்ததைத் தட்டுவார். கிண்ணுக்கும் தொம்முக்கும் நடுவில் இன்னும் எத்தனையோ சத்தம் இருக்கிறது என்று எனக்குத் தட்டித் தட்டிக் காட்டினார். கடைசியில் பாய், "வாங்கறதா இருந்தா வாங்குங்கண்ணே. கச்சேரி வேண்டாம்" என்று விரட்டினார். விரட்டுவதற்கு முன்னால் வேறு இரண்டு குறிகளும் சொன்னார். காய்க்காம்புக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் மாதிரி ஒரு சுருள் இருக்கும். அது காய்ந்து பழுப்பாகியிருக்க வேண்டும். மண்ணைப் பார்த்த அடிப்பக்கம் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

"அதெல்லாம் பாத்துச் சொல்றவனுக்கு" என்றார் அவர் வண்டியில் ஏறியதும். "பாக்கறதுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். தட்டுனாத்தான் தெரியும்."

வீட்டுக்குள் நுழையும்போதே, "தலகீழு அம்மணி, எல்லாம் தலகீழு!" என்று கூவிக்கொண்டு போனார். ஐம்பது தாண்டிய ஒருவர் ஒரு புதுச் சத்தத்தைக் கற்றுக்கொண்டு அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த வருஷம் கொடியில் மிச்சம் ஒன்றும் இல்லை.

மழை விழுந்ததும் நான் கிளம்பிவிட்டேன். திருப்பூரில் சாயப்பட்டறை, அப்புறம் தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு தோட்டத்தில் காவல். யானை வந்து பந்தலைப் பிரித்துப்போட்ட மறுநாள் தோட்டக்காரர் என்னைப் போகச் சொல்லிவிட்டார். அடுத்த வெயில் தொடங்கும்போது அதே அறைக்குத் திரும்பி வந்தேன். பெட்டியைத் தட்டினார். ஒன்றும் சொல்லவில்லை.

பவுண்டரியில் சிவப்புக் குறி போட்ட டிரம்கள் சுவரோரமாக மலை போலக் கிடந்தன. சூப்பர்வைசர் புதிதாக வந்தவர். சின்ன வயசு. மரியாதையாகத்தான் பேசுவார்.

"ஏனுங்கண்ணா, வாத்ததுல முக்காவாசி ரிஜெக்ட் போட்டீங்கன்னா ஓனருக்கு நான் என்னங்க பதில் சொல்றது?"

"இரும்பு செரியில்லீங்க. பழைய இரும்புல என்னத்தையோ கலக்கறாங்க. டிரம்மு பேசவே மாட்டீங்குது."

"லேப்ல எல்லாம் செரியாத்தானுங்க காட்டுது."

"லேப்புக்குக் காது இருக்குதுங்களா?"

கிரைண்டர் ஆட்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசர் முகம் சிவக்கப் போய்விட்டார். இவர் சிவப்புச் சாக்பீஸை எடுத்தார். அன்று நான் கொண்டுவந்து வைத்த டிரம்கள் பலவும் காதடைப்பானை மீறியும் எனக்கு ணங்கென்றுதான் கேட்டன. ஆனால் நான் டிராலி தள்ளுகிறவன். அவருக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரிந்துவிடும்?

வீட்டில் டி.வி. சத்தம் தோப்பு வரைக்கும் கேட்டது. "எல்லாத்தையும் ரெண்டு வாட்டி சொல்ல வெக்கறாரு தம்பி. வீம்பு எச்சாயிருச்சு" என்று அக்கா சலித்துக்கொண்டார். வீம்பு என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

அந்த வருஷம் கொடி நன்றாகப் படர்ந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு காய்கள், ஒவ்வொன்றும் குடம் போல. அக்கா போனில் வீடியோ பார்த்து, சுருளும் அடி மஞ்சளும் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார். அவர் குந்தி உட்கார்ந்ததுமே அக்கா சொன்னார்.

"சுருளு இன்னும் பச்சையா இருக்குதுங்க. அடியும் வெள்ளைதான். சித்தெ பொறுங்க, இன்னும் கொஞ்ச நாளு போவட்டும்."

"சித்தெ சும்மா இரு. பழத்தப் பேச உடு."

தட்டினார். அடுத்ததைத் தட்டினார். அதற்கடுத்தது. முகம் மலர்ந்துகொண்டே போனது.

"அம்மணி! எல்லாம் ஒண்ணாப் பழுத்திருக்குது! தொம்முங்குது, தொம்முங்குது, எதத் தட்டுனாலும் தொம்முங்குது. இன்னைக்கே அறுத்தாகோணும். உட்டா வெடிச்சிரும்."

கத்தியால் காம்புகளை நறுக்கிக்கொண்டே போனார். நான் பக்கத்தில் கிடந்த ஒன்றைத் தட்டினேன். கிண்.

"ஏனுங்ண்ணா, இது கிண்ணுங்குதுங்களே?"

"உனக்கு இன்னும் காது பழகல கண்ணு."

கடைசிக் கொடிவரை அறுத்து முடித்தார். வாசல் சிமெண்டில் வரிசையாக அடுக்கினோம். முதல் பழத்தை அக்கா பிளந்தார். வெள்ளை. இரண்டாவது. வெள்ளை. மூன்றாவதில் நடுவில் மட்டும் லேசாக ரோஜா நிறம் ஓடியிருந்தது. அவர் கத்தியை வாங்கித் தானே பிளந்தார். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் பிளந்து போட்டார். வாசல் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. அக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

அவர் எழுந்து சுவரில் சாய்த்திருந்த கடப்பாரையை எடுத்து வந்தார். துணி துவைக்கிற கல்லின் மேல் ஓங்கிப் போட்டார். அது எழுப்பிய சத்தத்தில் அக்கா காதைப் பொத்திக்கொண்டார். எனக்குப் பல் கூசியது. அவர் இன்னொரு தரம் போட்டார். கடப்பாரையைப் பார்க்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"கேக்குதா?" என்றார்.

அக்கா தலையாட்டினார்.

"நீண்டு கேக்குதா அம்மணி? ணங்குனு?"

"கேக்குதுங்க."

கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு வெட்டிய பழங்களுக்கு நடுவே உட்கார்ந்தார்.

"அப்ப இத்தன நாளும் நல்ல இரும்பத்தான் உலைக்கு அனுப்பிட்டு இருந்திருக்கறேன்."

அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் தர்பூசணிக் காய்க் கூட்டு. எனக்கும் ஒரு கிண்ணம் வரும். உப்பும் மிளகாயும் போட்டால் சுரைக்காய்க்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அவர் குறை சொல்லாமல் சாப்பிட்டார் என்று அக்கா சொன்னார். அதுதான் அக்காவுக்குப் பயமாக இருந்தது.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனோம். பேருந்து வந்து நின்றது. அவர் சக்கரத்தைத் தொடாமல் ஏறினார். அங்கே ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதில் ஒரு கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் கை அசையவில்லை. பிறகு சோதிக்கிற பெண்ணின் கையையே பார்த்து, அது நகரும்போதெல்லாம் அமுக்க ஆரம்பித்தார். அந்தப் பெண் எழுந்து போய் அவரைச் சுவர் பக்கம் திருப்பி உட்கார வைத்தார்.

"பேச்சு ஓரளவுக்குக் கேக்குமுங்க. மணிச் சத்தம் மாதிரி மேல போற சத்தம்தான் மொதல்ல போவும். இவருக்கு அது போயிருச்சு" என்றார் டாக்டர். "இரைச்சல்ல செத்த நரம்பு. மருந்து கெடையாதுங்க. மெஷின் வெச்சுக்கலாம், ஊட்டுல பேசிக்க ஆகும். வேலை செய்யற எடத்துல வெச்சா இரைச்சலும் சேந்து பெருசாத்தான் வரும். ஏனுங்க, காதுக்கு அடப்பான் குடுக்கலீங்களா அங்க?"

அவருக்கு இந்தக் கேள்வி கேட்டது. கை சட்டைப் பையைத் தொட்டது.

அவருக்கு இருந்த வழி இரண்டுதான். சொன்னால் வேலை போகும். அந்த வயதில் வேறு எங்கேயும் எடுக்கமாட்டார்கள். அக்காவுக்கு முழங்கால் வலி, வெளியில் வேலைக்குப் போக முடியாது. சொல்லாமல் விட்டால் நல்ல டிரம் உலைக்குப் போகும், அல்லது கெட்ட டிரம் மலைக்குப் போகும். திங்கட்கிழமை காலையில் பவுண்டரி வாசலில் என் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"கண்ணு, நீ கேட்டுச் சொல்லு."

அப்படி ஓட்டினோம். அவர் தட்டுவார். நான் காதடைப்பானைக் கழற்றிவிட்டு நிற்பேன். சத்தம் நீண்டால் டிராலிப் பிடியில் கையை வைத்தபடியே இருப்பேன். செத்தால் கையை எடுத்துவிடுவேன். அவர் அதற்கேற்றபடி சாக்பீஸை எடுப்பார். யாருக்கும் தெரியவில்லை. சுவரோர மலை கரைந்தது. சூப்பர்வைசர் அவரைக் கண்டால் சிரித்துக்கொண்டே போனார். ஆனால் இவர் முகத்தில் ஈயாடவில்லை. சில சமயம் கோடு போட்டுவிட்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"இது என்ற கோடு இல்ல கண்ணு" என்றார் ஒருமுறை.

கொஞ்ச நாளில் உலைப் பக்கம் ஆள் பற்றவில்லை என்று என்னை அங்கே மாற்றினார்கள். மாற்றிய முதல் நாள், ஆபீஸ் ஜன்னலுக்குக் கீழே நான் மணலை வாரிக்கொண்டிருந்தேன். அவர் சுத்தியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

"என்ற காது போயிருச்சுங்க" என்றார் நின்றபடியே. "முன்னாடியே சொல்லியிருக்கோணும். இத்தன நாளும் அந்தத் தம்பி கேட்டுச் சொன்னதுக்குத்தான் நானு கோடு போட்டேன். இனி வேற ஆளப் போட்டுக்கங்க. என்னைய மணல் சலிக்கற எடத்துல உட்டாலும் செரிங்க."

"மொதல்ல உக்காருங்கண்ணா. டீ சொல்லட்டுங்களா?"

"கெட்டதும் நல்லதும் எனக்கு ஒண்ணாத்தான் கேக்குதுங்க."

"கேக்காட்டி என்னங்க இப்ப?" சூப்பர்வைசர் எழுந்து அவர் காதுக்குப் பக்கத்தில் வந்து உரக்கப் பேசினார். அதனால் எனக்கும் நன்றாகக் கேட்டது. "வாங்கற கம்பெனிக்காரங்க, தட்டிப் பாக்க ஒரு ஆளு இருக்கோணும்னாங்க. நீங்க இருக்கறீங்க. தட்டுங்க, வெள்ளக் கோடு போடுங்க. எப்பவாச்சும் செவப்பு ஒண்ணு போட்டுக்கங்க, இல்லீன்னா சந்தேகம் வரும். ரிஜெக்ட் கொறஞ்சதுல ஓனரு நெம்ப சந்தோசமா இருக்கறாருங்க. இதப்போயி அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

"வால்பாறைக்குப் போற வண்டிங்க அது."

"அங்க அவங்க செக் பண்ணிக்குவாங்கண்ணா. போங்க, லோடு நிக்குது."

அவர் வெளியே வந்தார். மண்வெட்டியைப் போட்டுவிட்டு எழுந்தேன். "என்னங்ண்ணா சொன்னாரு?" என்றேன், எனக்குக் கேட்டதைக் காட்டிக்கொள்ளாமல்.

"டீ குடிக்கச் சொன்னாரு கண்ணு."

மறுநாள் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். சட்டைப் பையிலேயே கிடந்த ஆரஞ்சுக் காதடைப்பானை இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சுத்தியை எடுத்தார், தட்டினார், வெள்ளைக் கோடு போட்டார். பழைய ஆள் மாதிரியே ஒவ்வொன்றையும் தட்டினார். தட்டாமல் ஒன்றுக்கும் கோடு போடவில்லை. தலையை மட்டும் சாய்ப்பதில்லை.

நான் சூப்பர்வைசரிடம், வேண்டுமானால் நானே கேட்டுச் சொல்கிறேன் என்றேன். "உனக்கு உலையில வேலை இல்லியா?" என்றார். அவ்வளவுதான். இன்றைக்கும் மலைப்பாதையில் பேருந்து இறங்கும்போது நான் தூங்குவதில்லை. எந்த வண்டியின் எந்தச் சக்கரத்துக்குள் எந்தக் கோடு இருந்தது என்று யாருக்குத் தெரியும்? இதுவரை ஒன்றும் நடக்காமலும் இருந்திருக்கலாம். நடந்ததை எங்களுக்கு யாரும் வந்து சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

வீட்டில் அவர் எதையும் தட்டுவதை விட்டுவிட்டார். சிலிண்டர் வந்தால் அக்காவே மாட்டினார். மழைக்காலம் போய் அடுத்த வெயிலும் வந்தது. அந்த முறை நான் எங்கேயும் போகவில்லை. ஏன் என்று தெரியாது. அக்கா மறுபடியும் விதை ஊன்றினார். அவர் பின்பக்கமே வரவில்லை. கை கால் கழுவுவதற்குக்கூட முன்வாசல் குழாய்க்குத்தான் போனார். காய்கள் திரண்டு, சுருள் ஒவ்வொன்றாகக் காய்ந்து, அடி மஞ்சளாகித் திரும்பியது. அக்கா தினமும் குனிந்து பார்த்துவிட்டு வந்து, "இன்னும் இல்ல" என்று என்னிடம் சொல்வார். ஒரு நாள் எதுவும் சொல்லாமல் அரிவாளை எடுத்துக்கொண்டு போனார்.

பிளந்ததும் வாசமே தனியாக இருந்தது. ஓரம்வரைக்கும் சிவப்பு. கருகருவென்று விதை. ஒரு கீற்றை அவரிடம் நீட்டினார். வாங்கித் தின்றார்.

"நல்லா இருக்குதுங்களா?"

"ம்."

"ஏனுங்க, நல்லா இருக்குதான்னு கேட்டேன்."

"அதான் சொன்னனே."

அக்கா இருந்ததிலேயே பெரிய பழத்தைச் சாக்கில் சுற்றி, பவுண்டரி ஆட்களுக்குக் கொடுங்கள் என்று டி.வி.எஸ்ஸின் பின்னால் கட்டிவிட்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கிரைண்டர்களை நிறுத்திவிட்டு எல்லாரும் கூடினார்கள். சூப்பர்வைசரே வந்து அறுத்தார். சாறு மேஜையில் ஓடி மணலில் சொட்டியது. கரி படிந்த கைகளோடு ஆளுக்கொரு கீற்றை எடுத்துக் கடித்தார்கள். இவ்வளவு நல்ல பழத்தை இந்தச் சுற்றுவட்டாரத்தில் தின்றதில்லை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வெளியே வெள்ளைக் கோடு போட்ட டிரம்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"கடையில வாங்குனாக்கூட பாதி வெள்ளையாத்தான் இருக்குது. எப்பிடிங்கண்ணா இத்தன கரெக்டாப் பதம் கண்டுபுடிச்சீங்க?" என்று சூப்பர்வைசர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கக் கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"தட்டித்தானுங்க" என்றார்.

"பாத்துக்கங்கடா!" என்றார் சூப்பர்வைசர், அவர் தோளைத் தட்டி. "காதுன்னா இதுதான் காது!"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாக, தானும் சிரித்தார்.